பில்லியன் என்றால் எவ்வளவு?



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆங்கிலப் பெயர்ச்சொல். பில்லியன். செய்தித்தாளைப் பிரித்தால் வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறது, வானியல் கட்டுரையில் இருக்கிறது, பெரும் பணக்காரர்களின் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவு பழகிய சொல்லுக்குப் பொருள் சொல்ல ஒரு மணி நேரப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்த அரங்கில் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறீர்கள், பாடநூல் எழுதுபவர்கள் இருக்கிறீர்கள், வகுப்பில் கரும்பலகை முன் நிற்பவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதும் ஒரு எண்ணை ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே நம்பி எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

1923 நவம்பரில் ஜெர்மனியின் பணம் செல்லாக்காசாகிப் போன கதையை ஒருவர் தமிழில் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் 20-ஆம் தேதி ஒரு அமெரிக்க டாலரின் விலை எத்தனை மார்க் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஜெர்மன் நூலில் 4.2 பில்லியோன் என்று இருக்கும். அமெரிக்கர் எழுதிய நூலில் 4.2 டிரில்லியன் என்று இருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழக்கில் எழுதியவர் 4.2 பில்லியன் என்று எழுதியிருப்பார். மூன்றும் சரி. மூன்றும் ஒரே தொகை. தமிழில் அது 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்.

அந்தப் பேரழிவை நிறுத்துவதற்காக ரென்டன்மார்க் என்ற புதிய பணத்தை வெளியிட்டார்கள். ஒரு ரென்டன்மார்க்குக்கு ஈடு, ஜெர்மன் கணக்கில் ஒரு பில்லியோன் பழைய மார்க்; அதாவது 1-க்குப் பின் 12 பூஜ்ஜியங்கள், லட்சம் கோடி. இந்தப் பில்லியோனைப் பார்த்ததும் இன்றைய ஆங்கிலப் பில்லியன்தான் என்று நினைத்து, ஒரு புதிய மார்க்குக்கு நூறு கோடி பழைய மார்க் என்று எழுதிவிட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு குறைந்துபோகிறது. கைப்பையில் காசை எண்ணிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போன ஒரு குடும்பத்தின் வாழ்க்கை எவ்வளவு நொறுங்கியது என்பதை வாசகர் அந்த எண்ணை வைத்துத்தான் அளக்கிறார். ஆயிரம் மடங்கு பிழை அங்கே சின்னப் பிழை இல்லை.

ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு மதிப்பு எப்படி வந்தது?

மில்லியனிலிருந்து தொடங்க வேண்டும். அது இத்தாலிய வணிகர்களின் சொல். அவர்கள் மொழியில் ஆயிரம் என்பது மில்லே. பெரியது என்று காட்டும் விகுதியை அதோடு சேர்த்தால் மிலியோனே, பெரிய ஆயிரம். மார்கோ போலோவின் பயண நூலுக்கு இத்தாலியில் வழங்கும் பெயரே இல் மிலியோனே. மில்லியனுக்கு மேலே உள்ள எண்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்தவர்களில் முதன்மையானவர் நிக்கொலா ஷுக்கே. பாரிசில் பிறந்து, மருத்துவம் படித்து, லியோன் நகரில் கணக்கு எழுதி வாழ்ந்த மனிதர். 1484-இல் அவர் எழுதிய கணித நூலில் எண்களை ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்தார். ஒவ்வொரு ஆறு இலக்கத்துக்கும் ஒரு புதிய பெயர். மில்லியனை மில்லியனால் பெருக்கினால் இரண்டாவது படி, அது பில்லியன். இன்னொரு முறை பெருக்கினால் மூன்றாவது படி, அது டிரில்லியன். இரண்டைக் குறிக்கும் முன்னொட்டும் மூன்றைக் குறிக்கும் முன்னொட்டும் அந்தப் பெயர்களில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். அவர் கணக்கில் பில்லியன் என்பது நம்முடைய லட்சம் கோடி.

ஷுக்கேயின் கையெழுத்துப் படி 1880 வரை அச்சாகவில்லை. ஆனால் அதே லியோனைச் சேர்ந்த எத்தியென் ட லா ரோஷ் 1520-இல் அச்சிட்ட கணித நூலில் அதன் பெரும் பகுதியை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்; பெயர்கள் அந்த வழியாக ஊர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1690-இல் இங்கிலாந்தில் தத்துவ அறிஞர் ஜான் லாக் மனித அறிவைப் பற்றிய தம்முடைய பெருநூலில் இந்தப் பெயர் வரிசையை எடுத்தாளுகிறார். அவர் அதை எதற்காக எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் பெரிய எண்களை மனம் தனித்தனியாகப் பிடித்து வைக்க முடியாது, எல்லாம் குழம்பி ஒரு திரளாகிவிடும் என்பது அவர் வாதம். எனக்கு அந்த வாதம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. பெயர்தான் பிடிமானம் என்றால், பெயரே இரண்டாகப் பிளந்துவிட்டபோது என்ன ஆகும்?

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அந்தப் பிளவு நடந்தது. எண்களை ஆறாறு இலக்கமாகப் பிரிப்பதை விட்டு மும்மூன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். அதோடு பெயர்களையும் மும்மூன்று இலக்கத்துக்கு இறக்கினார்கள். பில்லியன் இப்போது ஆயிரம் மில்லியன். 1-க்குப் பின் 9 பூஜ்ஜியங்கள், நூறு கோடி. முன்னொட்டில் உள்ள இரண்டுக்கும் இந்த மதிப்புக்கும் நேரான தொடர்பு அறுந்துபோயிற்று. இந்தப் புதிய வழக்கு அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போய், 1729-இல் ஹார்வர்ட் பேராசிரியர் ஐசக் கிரீன்வுட்டின் எண்கணித நூலில் அச்சேறியது. பிரிட்டனோ பழைய வழக்கிலேயே நின்றது.

இங்கே வரலாறு ஒரு வினோதமான வேலை செய்கிறது. 1926-இல் ஃபவுலர் தம் ஆங்கில வழக்கு அகராதியில் இந்த வேறுபாட்டைச் சொல்லி எச்சரித்தார். அப்போது அமெரிக்காவும் பிரான்சும் ஒரு பக்கம், பிரிட்டன் மறு பக்கம். 1948-இல் எடைகள், அளவைகள் குறித்த பொது மாநாட்டின் முன் பழைய ஆறிலக்க வழக்கையே எங்கும் பின்பற்றலாம் என்ற யோசனை வைக்கப்பட்டது. 1961-இல் பிரான்ஸ் அரசாணை போட்டு ஷுக்கேயின் கணக்குக்கே திரும்பிப் போயிற்று. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பிரான்ஸ் கைவிட்ட வழக்கைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. இரண்டு நாடுகளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் நின்றுகொண்டன.

பிரிட்டன் மாறிய நாளையே சொல்ல முடியும். 1974 டிசம்பர் 20. ராபின் மேக்ஸ்வெல்-ஹிஸ்லப் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் பிரதமர் ஹெரால்டு வில்சனிடம் கேட்டார்: பில்லியன் என்ற சொல்லைப் பிரிட்டிஷ் பொருளில், மில்லியன் மில்லியன் என்ற பொருளில் மட்டுமே அமைச்சர்கள் பயன்படுத்துவார்களா? முடியாது என்றார் வில்சன். உலகம் முழுக்க அந்தச் சொல் ஆயிரம் மில்லியன் என்றே வழங்குகிறது, பிரிட்டிஷ் அமைச்சர்கள் மட்டும் வேறு பொருளில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அவர் விளக்கம். மூலத்தைப் பார்த்தால் பழைய பிரிட்டிஷ் பொருள்தான் நியாயமானது. மேக்ஸ்வெல்-ஹிஸ்லப்பின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வில்சன் செய்தது சரி என்பதே என் முடிவு. சொல்லின் பிறப்பை வைத்து ஒரு நாட்டின் கணக்கு வழக்கை நடத்த முடியாது. அரசாங்கம் சொல்லும் தொகை கேட்பவர் காதில் அதே தொகையாக விழ வேண்டும்.

ஆகவே இன்றைய ஆங்கிலத்தில் சந்தேகம் இல்லை. லண்டனில் எழுதினாலும் நியூயார்க்கில் எழுதினாலும் சிட்னியில் எழுதினாலும் பில்லியன் நூறு கோடி. டிரில்லியன் லட்சம் கோடி. சிக்கல் இரண்டு இடங்களில் பதுங்கியிருக்கிறது.

ஒன்று, பழைய நூல்கள். 1974-க்கு முன் பிரிட்டனில் அச்சான நூல் உங்கள் மேசையில் இருந்தால், அதில் வரும் பில்லியனை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டைப் பாருங்கள், எழுதியவர் எந்த நாட்டவர் என்று பாருங்கள், முன்பின் வரும் எண்களோடு பொருந்துகிறதா என்று பெருக்கிப் பாருங்கள். நம் நூலகங்களில் இருக்கும் பழைய கலைக்களஞ்சியங்களில் பல பிரிட்டிஷ் பதிப்புகள். அவற்றிலிருந்து எடுத்து எழுதும் வழக்கம் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

இரண்டாவது, பிற மொழிகள். ஆங்கிலம் மாறியது, மற்ற மொழிகளில் பல மாறவில்லை. ஜெர்மன் மொழியில் நூறு கோடிக்கு மில்லியார்டே, லட்சம் கோடிக்குத்தான் பில்லியோன். பிரெஞ்சிலும் நூறு கோடி என்பது மில்லியார். 1871-இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ் கட்ட வேண்டியிருந்த இழப்பீடு ஐந்து மில்லியார் பிராங்க், அதாவது 500 கோடி. ஸ்பானியத்தில் பில்லோன் என்றால் லட்சம் கோடி. நூறு கோடிக்கு ஆயிரம் மில்லியன் என்றே சொல்லிவந்தார்கள். அதற்கு ஒற்றைச் சொல் வேண்டும் என்று வெனிசுவேலா அதிபர் ரஃபேல் கல்தேரா கேட்டுக்கொண்டதன் பேரில், 1995-இல் ஸ்பானிய அகாதெமி மில்லார்தோ என்ற சொல்லை ஏற்றது. போர்த்துகீசியத்தில் நிலைமை இன்னும் கடினம். ஒரே மொழி. பிரேசிலில் பில்லியன் நூறு கோடி, போர்ச்சுகலில் லட்சம் கோடி. ரஷ்யர்களோ நூறு கோடிக்கு மில்லியார்ட் என்றும் அதற்கு அடுத்த படிக்கு நேரே டிரில்லியன் என்றும் சொல்கிறார்கள். அந்நியச் செலாவணித் தரகர்கள் இன்றைக்கும் நூறு கோடியை யார்டு என்று சொல்வது மில்லியார்டின் வால்துண்டுதான். ஆங்கிலச் சொல் காதில் தவறாக விழாமல் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்த வழி அது.

இரண்டு பில்லியன்களுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று மாணவர்களுக்குக் காட்ட நொடியை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மில்லியன் நொடி ஏறத்தாழ பதினொன்றரை நாள். இன்றைய ஆங்கிலப் பில்லியன் நொடி 31 ஆண்டு 8 மாதம். ஷுக்கேயின் பில்லியன் நொடி ஏறத்தாழ 31,700 ஆண்டு. ஆங்கிலப் பில்லியன் நொடி ஒரு மனிதர் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், திருமணம் செய்துகொள்ளும் காலம். ஷுக்கேயின் பில்லியன் நொடி பின்னோக்கிப் போனால், மனிதன் இன்னும் விதை விதைக்கத் தொடங்காத காலம். அவர்களே பெருக்கிக் கண்டுபிடித்தால் மறக்க மாட்டார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ்ச் செய்தியில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை வேறு இடத்தில் பிறக்கின்றன: மில்லியனையும் பில்லியனையும் லட்சம், கோடிக்கு மாற்றும் இடத்தில். ஆங்கிலக் கணக்கு மூன்று மூன்று பூஜ்ஜியமாக ஏறுகிறது. நம் கணக்கு ஆயிரத்துக்குப் பிறகு இரண்டு இரண்டாக ஏறுகிறது. மில்லியன் பத்து லட்சம். புள்ளி ஓரிடம் நகர்கிறது. பில்லியன் நூறு கோடி; புள்ளி இரண்டிடம் நகர்கிறது. பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டு என்றால் 1,380 கோடி ஆண்டு. அவசரத்தில் அது 138 கோடி ஆகிறது, சில சமயம் 13.8 கோடி கூட ஆகிறது. பூமியின் வயதே 454 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தைவிடப் பூமிக்கு வயது கூடுதல் என்று ஒரு பத்திரிகை அச்சிட்டு, பள்ளிப் பிள்ளை அதைக் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு நாம் செய்தது துரோகம்.

ஆதித்யா எல்-1 விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரியில் தன் இடத்தைச் சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்பதால் தமிழ் ஏடுகள் அதைப் பற்றி நிறையவே எழுதின. அந்தக் கலம் நிற்கும் இடம் பூமியிலிருந்து 1.5 மில்லியன் கிலோமீட்டர். சூரியன் இருக்கும் தூரம் ஏறத்தாழ 150 மில்லியன் கிலோமீட்டர். தமிழில் முதலாவது 15 லட்சம், இரண்டாவது 15 கோடி. இலக்கம் இரண்டிலும் 15 என்பதால் லட்சமும் கோடியும் இடம் மாற ஒரு நொடி அசதி போதும். மாறிவிட்டால் ஆராய்ச்சியின் பொருளே மாறிவிடும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்கு மட்டும் போய், அங்கே நின்று சூரியனைப் பார்க்கிறது என்பதுதான் அந்தத் திட்டத்தின் நுட்பம். அந்த நூறில் ஒரு பங்கு வாசகருக்குக் கிடைக்காமல் போகிறது.

அரசுப் பணத்தைப் பற்றிய செய்தியில் இன்னொரு அடுக்கு சேர்கிறது: டாலரும் ரூபாயும். தமிழ்நாட்டை 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக்குவது இலக்கு என்று அரசு சொல்கிறது. அது லட்சம் கோடி டாலர். லட்சம் கோடி ரூபாய் என்று எழுதிவிட்டால் இலக்கு கிட்டத்தட்ட எண்பது, தொண்ணூறு மடங்கு சுருங்கிவிடுகிறது. அரசை ஆதரிப்பவரும் கேள்வி கேட்பவரும் ஒரே எண்ணை வைத்துப் பேசினால்தான் விவாதம் நடக்கும்.

பில்லியனேர் என்ற சொல்லுக்கும் இதே கதி. கோடீஸ்வரர் என்று எழுதுகிறோம். டாலர் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், உலகப் பட்டியலில் கடைசியில் இடம் பிடிப்பவரின் சொத்தே 8,000 கோடி ரூபாய். சென்னையில் இரண்டு அடுக்குமாடி வீடு வைத்திருப்பவரும் கோடீஸ்வரர்தான். இந்த இருவரையும் ஒரே பெயரால் அழைக்கும்போது செல்வம் எந்த அளவுக்கு ஒரு சில கைகளில் குவிந்திருக்கிறது என்பது நம் வாசகர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர் என்று விரித்து எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

கடல் தாண்டினால் வேறொரு தமிழ் வழக்கு. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ரூபாவை மில்லியனிலும் பில்லியனிலும்தான் எழுதுகின்றன. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்குக் கடன் ஒப்புக்கொண்டபோது கொழும்பு, யாழ்ப்பாண ஏடுகளின் வழக்கில் அது 3 பில்லியன் டொலர். சென்னை ஏடுகளின் வழக்கில் 300 கோடி டாலர். யாழ்ப்பாணத்து வாசகருக்குப் பில்லியன் அன்றாடத் தமிழ். அதைத் திருத்த நமக்கு எந்த உரிமையும் கிடையாது. இரு கரையிலும் வாசிக்கப்படும் இதழ் என்றால் முதன்முறை வரும்போது இரண்டையும் எழுதலாம்: 3 பில்லியன், அதாவது 300 கோடி. பிறகு கட்டுரை முழுக்க ஒன்றையே பின்பற்ற வேண்டும். ஒரு பத்தியில் மில்லியன், அடுத்த பத்தியில் லட்சம் என்று தாவுவதுதான் படிப்பவரைக் களைப்படைய வைக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது நான் கோடியில் எழுதுவதையே வற்புறுத்துகிறேன். மொழிப் பற்று அதற்கு ஒரு காரணம். முதல் காரணம் நம்பகம். இந்தியாவில் கோடி என்று எங்கே எழுதினாலும் 1-க்குப் பின் 7 பூஜ்ஜியம். பில்லியனுக்கு நேர்ந்தது அதற்கு இங்கே நேரவில்லை. இங்கே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கோடிதான் இந்துஸ்தானியில் கரோர் ஆகி, பாரசீகத்துக்குப் போய்க் குரூர் ஆயிற்று. அங்கே அதன் மதிப்பு 5 லட்சமாக இறங்கிவிட்டது. 1828-இல் ரஷ்யாவிடம் தோற்ற ஈரான் துர்க்மன்சாய் உடன்படிக்கையின்படி கட்டிய 10 குரூர் தோமான், பத்துக் கோடி இல்லை, 50 லட்சம். எல்லை தாண்டும் எண்பெயர் எதுவும் மதிப்பு மாறக் கூடியதே.

தமிழிலும் பழைய பேரெண் பெயர்கள் உண்டு. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் அவற்றுக்கு விளக்கம் தருகிறார்கள். இந்தப் பெயர்களை மீட்டு பில்லியனுக்கும் டிரில்லியனுக்கும் இட்டுவிடலாம் என்று ஆர்வலர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் அன்பை மதிக்கிறேன், யோசனையை ஏற்க மாட்டேன். அந்தப் பெயர்களுக்கு நூலுக்கு நூல் மதிப்பு வேறுபடுகிறது. ஐரோப்பா பல நூற்றாண்டுகளாகப் பட்ட பாட்டை நாம் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. லட்சம் கோடி என்று இரண்டு சொல்லால் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது.

ஆங்கிலத்திலேயே எழுதுபவர்களுக்கு இலக்கணத்தில் ஒரு குறிப்பு. முன்னால் எண் வந்தால் பில்லியனுக்குப் பன்மை விகுதி வேண்டாம்; ஃபைவ் பில்லியன் என்பதே சரி. எண் இல்லாமல் பொதுவாகப் பெருந்தொகையைச் சொல்லும்போதுதான் பில்லியன்ஸ். நமக்கு இது எளிதாக வர வேண்டும். ஐந்து கோடி என்கிறோம், கோடிகள் என்று அங்கே சொல்வதில்லை. சுருக்கக் குறியில் கவனம் தேவை. எம் என்ற ஒற்றை எழுத்து பெரும்பாலும் மில்லியன். ஆனால் பழைய ரோமானிய வழக்கில் அது ஆயிரம்; அந்த வழக்கைப் பின்பற்றும் அமெரிக்க நிதி அறிக்கைகள் மில்லியனுக்கு எம்எம் என்று இரட்டை எழுத்து போடுகின்றன. அறிக்கையின் முதல் பக்கத்திலோ அட்டவணையின் தலைப்பிலோ விளக்கம் இருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதீர்கள்.

கடைசியாக, குடிநீர்ச் செய்திகள். நீரில் ஆர்செனிக் எவ்வளவு இருக்கலாம் என்று எழுதும்போது பிபிபி என்ற அளவு வரும். ஒரு பில்லியனில் இத்தனை பங்கு என்று பொருள். பில்லியன் மொழிக்கு மொழி மாறுவதால் இந்தக் குறியைத் தவிர்ப்பதே நல்லது என்று பன்னாட்டு அலகு முறையின் அதிகாரபூர்வக் கையேடே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று எழுதிவிட்டால் பில்லியனே உள்ளே வர வேண்டியதில்லை. வங்கத்தில் கிணற்று நீரைக் குடித்து ஆர்செனிக் நஞ்சால் தோல் கறுத்தவர்களைப் பற்றி எழுதுகிறவர், தம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அதைப் படிக்கக்கூடும் என்று நினைத்து எழுத வேண்டும். ஆய்வகம் தரும் சீட்டு பெரும்பாலும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். 10 மைக்ரோகிராம் என்பது 0.01 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்துவிட்டால், அவர் யாரையும் கேட்காமல் தம் சீட்டைத் தாமே படித்துக்கொள்வார்.